சிவமணியின் கடைவாய்ப்பல்

கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் அன்ரியின் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு எடுத்துச் சிவமணி இடியப்பம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. ஊர் கைதடி. சண்டையில் ஷெல் விழுந்து கணவன் செத்துப்போனான், பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணப் பாதை பூட்டுப்படுவதற்குச் சற்று முன்னர்தான் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். விடிவதற்குள் மா குழைத்து, பிழிந்து, அவித்து, நாலைந்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு அநேகமாக வெளியே போகமாட்டாள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. அந்த நாட்களில் அதை வைத்துக்கொண்டு கொழும்புத் தெருவில் நடப்பது லேசான காரியமில்லை.

இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஓட்டை விழுந்து கனகாலம். சூடான தேத்தண்ணி பட்டால் விண்ணென்று தெறிக்கும். அவள் வலது பக்கத்தால் குடிக்கப் பழகிக்கொண்டாள். வைகாசியில் ஒருநாள் மாவைப் பிழிகிறபோது, பல்லைக் கடித்து இடியப்ப உரலை அழுத்தியதில், தலை வரைக்கும் ஒரு குத்துக் குத்தியது. அன்று பின்னேரமே கன்னம் லேசாக உப்பிவிட்டது.

அடுத்த வீட்டு நஸீறா கராம்பெண்ணெயில் நனைத்த பஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள். கொழும்பில் சிவமணிக்குச் சிநேகிதி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"அக்கா, இது பஞ்சு வச்சு மாறுற நோவில்ல. பல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க சல்லி எடுக்கமாட்டாங்க."

"தெரியும் நஸீறா. விடிய அஞ்சு மணிக்கே போய் லைனில நிக்கவேணுமாம். நான் அங்க நிண்டா இடியப்பத்தை ஆர் அவிக்கிறது? ஒரு நாள் குடுக்காட்டிக் கடைக்காரர் வேற ஆளிட்ட எடுத்துப் போடுவினம்."

தனியார் டொக்டரிடம் போக அவளுக்கு வசதியில்லை. பாமசியில் கேட்டாள். கடைக்காரர் அவள் கையில் இருந்த காசுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் மாத்திரை வெட்டிக் கொடுத்தார். விழுங்கி இரண்டு நாளில் வீக்கம் வற்றியது. நோவும் போய்விட்டது. மிச்ச மாத்திரையை, இன்னொரு முறை வந்தால் உதவும் என்று, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

நோவு போனதே தவிர, நோய் போகவில்லை. ஆனி பிறந்ததும் வீக்கம் திரும்பி வந்தது. இந்தமுறை கன்னத்தில் இல்லை. தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கமாக இறங்கிக் கல்லுப்போல இருந்தது. வாய் திறக்க மறுத்தது. முதலில் கரண்டி போனது, பிறகு கரண்டிக் காம்பு, பிறகு அதுவும் இல்லை. கஞ்சித் தண்ணியைப் பல்லிடுக்கால் உறிஞ்சினாள். வாயிலிருந்து வந்த நாற்றம் அவளுக்கே தாங்கவில்லை. காய்ச்சலில் நடுங்கிய கையால் மாவைப் பிழிய முடியாமற் போன அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவெடுத்தாள்.

"நானும் வாறேன்," என்றாள் நஸீறா. "பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ஒன்பது மணிக்குப் போவம்."

சிவமணி கையை அசைத்து வேண்டாம் என்றாள். ஒன்பது மணிக்குப் போனால் நம்பர் கிடைக்காது. புதிதாக ஒரு கராம்புப் பஞ்சைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் அணைத்து வைத்துக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறினாள்.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். சிவமணியின் முறை வந்தபோது பெண் பொலிஸ்காரி அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். படத்தில் இருந்தது ஒட்டிய கன்னமும் நீண்ட கழுத்துமாக ஒரு மெலிந்த பெண். எதிரே நின்றது கழுத்தே இல்லாத, ஒரு பக்கம் கோணிப்போன முகம்.

"மே ஓயாத?"

இது நீதானா என்று கேட்கிறாள் என்பது சிவமணிக்கு விளங்கியது. தலையாட்டினாள். பொலிஸ்காரி பெயரைக் கேட்டாள். சிவமணியின் பல்லுக்குள்ளால் ஏதோ முனகல்தான் வந்தது. கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். பொலிஸ்காரியின் முகம் மாறியது.

"கட அரின்ன!"

வாயைத் திற. சிவமணி தன்னால் இயன்ற மட்டும் திறந்தாள். நகக்கண் அளவுக்குத்தான் விலகியது. அந்த இடுக்கில், பல்லோரமாக, வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

பொலிஸ்காரி ஒரு சத்தம் போட்டாள். 'சயனைட்' என்ற ஒரு சொல் மட்டும் சிவமணியின் காதில் விழுந்தது. பிடிபட்டால் கடிப்பதற்குப் புலிகள் வைத்திருக்கும் நஞ்சு அது. அடுத்த நிமிடம் இரண்டு பேர் அவள் கைகளைப் பின்னால் முறுக்கிக் கட்டினார்கள். வரிசை கலைந்து சனம் ஓடியது. அவளைப் போலவே யாழ்ப்பாண அட்டையோடு நின்ற ஒரு கிழவர், அவளைத் தெரியாது, தெரியாது என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு பின்வாங்கினார்.

யாரோ தாடையைப் பிடித்துப் பிளக்கப் பார்த்தார்கள். பல்லிடுக்கில் இரும்பு ஒன்று நுழைந்தது. சிவமணி மூடிய வாயோடு அலறினாள். வாய்க்குள் எதுவோ உடைந்து, சீழும் இரத்தமும் பொலிஸ்காரியின் கையில் வழிந்தன. பஞ்சும் கூடவே வந்தது. பொலிஸ்காரி கையை உதறிவிட்டு எட்டிப்போய் ஓங்காளித்தாள். பஞ்சு நிலத்தில் கிடந்தது. அது பஞ்சுதான் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஒருவரும் கைக்கட்டை அவிழ்க்கவில்லை. ஒருமுறை பிடித்தவளை உடனே விட அவர்களுக்கும் பயமாக இருந்திருக்கும்.

ஜீப்பில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இளம் சிங்கள டொக்டர் ஒருவர் முதலில் கைக்கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பொலிசோடு வாக்குவாதப்பட்டார். பிறகு தாடைக்குக் கீழே வெட்டிச் சீழை எடுத்தார்கள். ஊசி, சேலைன், இன்னும் ஊசி. வீக்கம் கொஞ்சம் வற்றிய பிறகு அந்தப் பல்லையும் பிடுங்கினார்கள். டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அம்மா, இன்னும் லேட் ஆனா மூச்சு அடைச்சுப் போகும். ஏன் முந்தி வரல்ல?"

கட்டிலின் கால்மாட்டில் கதிரை போட்டுக் காவலுக்கு இருந்த பொலிஸ்காரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

கொட்டாஞ்சேனையில், வீட்டைச் சோதிக்க வந்த பொலிசால் விஷயம் அறிந்து, புருஷன் புவாத் தடுக்கத் தடுக்க, நஸீறா பொலிசுக்குப் போனாள். தெளிவான சிங்களத்தில், அவள் இடியப்பம் அவிக்கிற பொம்பளை, இரண்டு வருஷமாகத் தனக்குத் தெரியும், பல்லு நோவு என்று பஞ்சு கொடுத்ததே தான்தான் என்று சொன்னாள். எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து வைக்கும்போது புவாத்தின் முகம்தான் தன் கண்ணுக்கு முன்னால் நின்றதாக அவள் பிறகு சொன்னாள். சிவமணியை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவளுடைய உரலும் தட்டுகளும் பாயும் முன் விறாந்தையில் அடுக்கப்பட்டிருந்தன. மாக்ரெட் அன்ரி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் என்ன செய்ய, சிவமணி? பொலிஸ் ரெண்டு தரம் வந்து கட்டிலக் கூட பெரட்டிப் பார்த்துட்டுப் போச்சு. எனக்கும் வயசுப் பொடியன் ஒருத்தன் இருக்கான். கோவிக்காத பிள்ள."

"கோவமில்லை அன்ரி," என்றாள் சிவமணி. சொல் முழுதாக வரவில்லை. மாக்ரெட் அழுதாள். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

கடைகளும் வேறு ஆளிடம் இடியப்பம் எடுக்கத் தொடங்கியிருந்தன. வெள்ளவத்தையில் றஞ்சிதம் என்ற ரீச்சரின் பிளாட்டில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று நஸீறா விசாரித்துச் சொன்னாள். சிவமணி போய்ச் சேர்ந்தாள். ரீச்சர் நல்லவர்தான். கழுத்துத் தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைக்கு அனுப்பினால் மட்டும் அவள் சோதனைச் சாவடிகள் இருந்த காலி வீதிப் பக்கம் போகாமல் பின் ஒழுங்கையால் சுற்றிப் போவாள். அப்படியும் ஒருமுறை ஆமிக்காரன் ஒருவன் மறித்தான். அவன் எதுவும் கேட்கும் முன்னமே அவள் அட்டையை நீட்டி வாயைத் திறந்து காட்டினாள். அவன் விளங்காமல் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. ஐஸ்பழக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பல்லுக்கிடையில் கடித்துப் பழகவேண்டும், கிழமைக்கு ஒன்று கூட்டவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நஸீறா ஒரு கட்டுக் குச்சி கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்பினாள். சில மாதம் சிவமணி பின்னேரங்களில் குசினி யன்னலோரம் இருந்து, கண்ணில் நீர் வழிய வழியக் கடித்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள், இது இனித் திறக்காது என்று, குச்சிகளை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டுச் சோற்றைக் குழைத்துக் குடிக்கத் தொடங்கினாள்.