ஜூன் ஒண்ணாந்தேதிக்காரர்கள்

அந்த மேனேஜரைக் கண்டா எனக்கு இன்னைக்கும் ஆகாது. அதை முதல்லயே சொல்லிப்புடுதேன்.

திருநெல்வேலிப் பக்கம் நாலு ஊர்ல கிளை வச்சிருக்கிற ஒரு ஆஸ்பத்திரி. நாலு கிளை நோயாளிப் பதிவையும் ஒரே கம்ப்யூட்டர்க் கிடங்குல ஏத்துறது என் வேலை. ஏத்தும்போதே குப்பையைச் சலிச்சு ஒதுக்கணும். சோதனைக்குப் போட்ட பதிவு, பேரில்லாத பதிவு, இந்த மாதிரி.

மேனேஜர் சென்னையில இருந்து வீடியோவுல வருவான். ஆஸ்பத்திரியில பொறந்து சர்டிபிகேட்டோட வளர்ந்த பய. ஒருநாள் சிரிக்கான். "என்னங்க, உங்க ஊர்க் கிழடுங்க பாதிப்பேரு ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்திருக்கு? டம்மி தேதி. மொத்தமா தூக்கிருங்க."

எனக்குத் தெரியும். அந்தக் காலத்துல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனா, தலைக்கு மேல கையை வளைச்சுக் காதைத் தொடச் சொல்லுவாங்க. தொட்டுட்டா அஞ்சு வயசு. வாத்தியார் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் ஒண்ணையே பொறந்த தேதின்னு எழுதிக்கிடுவாரு. எங்கம்மைக்கும் அதே தேதிதான்.

சொல்லியிருக்கலாம். ஆனா முந்தின வாரம்தான் நான் எங்க ஊர்ப் பேச்சுல "செய்யுதேன்"னு சொன்னதை அத்தனை பேர் முன்னால சொல்லிக் காட்டிச் சிரிச்சிருந்தான். மறுபடி வாயைத் திறக்கக் கூசிச்சு. அறுபது தாண்டின ஜூன் ஒண்ணெல்லாம் விலக்குன்னு ஒரு வரி எழுதிட்டேன். விலக்கினது தனி அட்டவணையில போய் விழும், யாராவது பாத்துச் சரிபண்ணணும். யாரு பாக்கா? நானே பாக்கல.

மறுமாசம் அம்மைக்குக் கால்ல புண்ணு. நான் ஆபீஸ்ல இருந்தேன், அவளே ஆட்டோ பிடிச்சு எங்க ஆஸ்பத்திரிக்கே போயிருக்கா. "எனக்கு ஏதோ ஒரு ஊசி சேராதுன்னு போன தடவை எழுதினீயளே"ன்னு கேட்டிருக்கா. நர்ஸ் தேடிப் பாத்துட்டு, "உங்க பேரே இதுல இல்லையேம்மா"ன்னு புதுசாப் பதிஞ்சு, அதே ஊசியைப் போட்டுட்டா. மூஞ்சி வீங்கி, மூச்சு இழுத்து, ரெண்டு நாள் ஐசியூ.

ஐசியூ வாசல்ல உக்காந்து லேப்டாப்பைத் திறந்தேன். விலக்கின அட்டவணையில அம்மை இருந்தா. சேராத மருந்தோட பேரும் இருந்துச்சு. பக்கத்துல, காரணம்: போலிப் பதிவு. நான் எழுதினது. என் கையை நானே முறிச்சுப் போடலாம் போல இருந்துச்சு.

அந்த வரியை அங்கனயே எடுத்துட்டு, எல்லாரையும் திரும்ப ஏத்தினேன். மேனேஜர் போன்ல குதிச்சான், யாரைக் கேட்டு மாத்தினீங்கன்னு. "எங்கம்மையைக் கேட்டு வே"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அம்மை அந்த நர்ஸைக் கூறுகெட்டவ, கூறுகெட்டவன்னு ஏசிக்கிட்டே இருந்தா. ஒரு வாரம் கேட்டேன். அப்புறம் தாங்காம, மத்தியானம் எலைமுன்னால உக்காந்து, அது என் வேலைதான்னு எல்லாத்தையும் சொன்னேன்.

சோறு போட்டுக்கிட்டிருந்த அம்மை கையில கரண்டி அப்படியே நின்னுச்சு.

"ஏலே, அது என் தேதின்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

கரண்டியைச் சட்டியில போட்டா. "அப்ப நீயே போட்டுத் தின்னு."