நுனி மாறிய இலை

மேஃபேரில் விலையுயர்ந்த தென்னிந்திய உணவகம். நேர்காணலுக்கு வரவழைத்த நிறுவனத்தார் மதிய விருந்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். பரிமாறுகிறவர் நுனி வலப்பக்கம் வரும்படி இலையைப் போடுகிறார். நான் மெல்லத் திருப்பி வைக்கிறேன்.

“குறை நினையாதேங்கோ தம்பி. நேற்று யாழ்ப்பாணத்தில அப்பா மோசம் போயிட்டார். இந்நேரம் கொள்ளி வைப்பினம்.”

“நீங்க போகலையாண்ணே?”

“விசா அலுவல் முடியேல்லை. போனா திரும்பி வர ஏலாது.”

“போன்லயாவது பாக்கலாமே?”

“வேலை நேரத்தில வாங்கி வைச்சிடுவினம்.”

கழிவறைக்கு வழி காட்டச் சொல்லி அவரை அழைத்துப் போய் என் போனைக் கொடுக்கிறேன். அவருடைய தங்கை திரையில் வருகிறாள்.

“எல்லாம் முடிஞ்சுது அண்ணா. சித்தப்பாதான் கொள்ளி வைச்சவர்.”

அவர் குழாயில் தலையை நனைக்கிறார். காகிதத் துண்டுகளால் துடைத்துக்கொண்டு, சாம்பார் எடுக்கப் போகிறார்.