ஹாரன் மாஸ்டரின் காலை மாத்திரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த மனிதருக்கு ‘ஹாரன் மாஸ்டர்’ என்று ஏன் பெயர் வந்தது என்பது அவருடைய இப்போதைய மாணவர்களுக்குப் புரிவதில்லை. அவர் குரலை உயர்த்தி அவர்கள் கேட்டதே கிடையாது. பழைய மாணவர்களைக் கேட்க வேண்டும். கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் காதைத் தடவிக்கொள்வார்கள்.

எல்லாப் பயிற்சி வண்டிகளையும் போல அவருடைய வண்டியிலும் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. மாணவர் தப்பு செய்தால் மாஸ்டர் மிதிப்பார். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அவர் மிதித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். “கண்ணு எதுக்கு இருக்கு? கண்ணாடி எதுக்கு இருக்கு? ரெண்டும் அழகுக்கா?” ஜன்னல் மூடியிருந்தாலும் தெருவில் நடப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முன்னால் போகிற வண்டிகள் ஒதுங்கி வழிவிடும். அந்த வண்டியின் நிஜ ஹாரன் பல வருஷங்களாக வேலை செய்யவில்லை என்பதை யாரும் கவனிக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு மாடி ஏறும்போது அவர் மார்பை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல இருந்தது. பயிற்சிப் பள்ளியின் அலுவலகம் முதல் மாடியில். பாதி ஏறியதும் நின்றுகொள்வார். நிற்பது தெரியக் கூடாது என்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த போக்குவரத்துச் சின்னங்களைப் படிப்பது போலப் பாவனை செய்வார். அவரே ஒட்டியவை. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற அவருடைய மனைவிக்கு இந்தத் திடீர் படிப்பார்வம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது.

“ஏங்க, அந்தப் போர்டு இன்னைக்கு மாறியிருக்கா?”

“இல்லையே.”

“அப்ப கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்.”

ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயிலும் கொஞ்சம் அடைப்பு. டாக்டர் சில மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, அதில் ஒன்றை மட்டும் தனியாகச் சுட்டிக்காட்டினார். “இது பீட்டா பிளாக்கர். இதயத்தைக் கொஞ்சம் மெதுவா, நிதானமா துடிக்க வைக்கும். அதோட பாரம் குறையும். உங்களுக்கு ஆஸ்துமா, மூச்சிழுப்பு, சர்க்கரை ஏதாவது உண்டா?”

“ஒண்ணும் கிடையாது சார். கோபம் மட்டும்தான்.”

“சரி. தினமும் ஒரே நேரத்துல போடுங்க. ஆரம்பத்துல தலை சுத்தலாம், எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திருங்க. என்ன தொந்தரவு இருந்தாலும் வந்து சொல்லுங்க. உங்க இஷ்டத்துக்கு மட்டும் நிறுத்திடாதீங்க.”

மாஸ்டர் தலையாட்டினார். ஒருவர் தலையாட்டுவதை வைத்து அவருக்குப் புரிந்துவிட்டது என்று நம்பக் கூடாது என்பது, மாணவர்களைப் பற்றி அவரே காலங்காலமாகச் சொல்லிவந்த கருத்து.

மாத்திரை வேலை செய்தது. மார்பின் அழுத்தம் போயிற்று, சுவர்ச் சின்னங்கள் படிக்க ஆளில்லாமல் நின்றன. கூடவே இன்னொன்றும் நடந்தது. மாணவர் தப்பு செய்தால் பிரேக்கை மிதித்துவிட்டு மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, “பரவாயில்ல, மறுபடியும் பண்ணுங்க” என்றார். முதல் தடவை இதைக் கேட்ட மாணவர் பயந்துபோய் வண்டியையே விட்டு இறங்கிவிட்டார்.

செய்தி பரவியது. முன்பு அவர் சத்தத்துக்குப் பயந்து பாதியில் போனவர்கள் திரும்பி வந்தார்கள், தங்கள் அண்ணிகளையும் மச்சான்களையும் கூட்டிவந்தார்கள். ‘இவ்வளவு பொறுமையான மனிதரை நான் பார்த்ததில்லை’ என்று யாராவது சொன்னால் மாஸ்டர் மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் பொறுமையைப் பற்றி உரையாற்றவும் ஆரம்பித்தார். மனசை அடக்கினால் எல்லாம் அடங்கும் என்றார்.

“அது நீங்க பேசல, மாத்திரை பேசுது” என்றாள் மனைவி.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அது அவருக்குள் ஆணி போல இறங்கிவிட்டது. அடுத்த முறை டாக்டரிடமே கேட்டார். “மாத்திரை கோபத்தை எடுக்காதுங்க” என்றார் டாக்டர். “கோபம் வரும்போது நெஞ்சு படபடக்குது பாருங்க, கை நடுங்குது பாருங்க, அதைத்தான் குறைக்கும். மத்தது உங்க கையில.” இந்தப் பதிலில் பாதி மனைவிக்கும் பாதி அவருக்கும் சாதகம். மாஸ்டர் தன் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார். மத்தது என் கையில் என்றால் மாத்திரை எதற்கு? போதாக்குறைக்கு விரல்கள் எந்நேரமும் சில்லென்றிருந்தன. சாயந்தரமானால் உடம்பு அடித்துப்போட்டது போலக் கிடந்தது. டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். விரல் சில்லிடுகிறது என்று ஒரு ஆம்பளை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்.

நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மனைவி தண்ணீரோடு எடுத்து வைக்கிற மாத்திரையை, “வண்டியில போட்டுக்கறேன்” என்று அட்டைத் துண்டோடு சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டது நிஜம், வண்டியில். கியருக்கு முன்னால் இருந்த சின்னத் தட்டில். தூக்கி எறிய மனம் வரவில்லை. உயிரை வைத்துச் சோதனை செய்கிற மனிதர், ஒரு மாத்திரையை வீணாக்க மாட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. விரல்கள் சூடாயின. மாஸ்டர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவருடைய மாணவியான மருந்துக்கடை அம்மாளுக்கு மேம்பாலப் பயிற்சி வந்தது.

அந்த அம்மாள் ஊரின் மறுகோடியில் சொந்தமாக மருந்துக்கடை நடத்துபவர். டாக்டர் கிறுக்குகிற எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுவார். மேட்டில் நிற்கிற காரை மட்டும் கிளப்ப வராது. ஓட்டுநர் தேர்வில் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு இடத்தில்தான் தோற்றார். மாஸ்டர் அவருக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: “மேட்டுல பிரேக்லேர்ந்து காலைச் சட்டுனு எடுக்காதீங்க மேடம். எஞ்சின் வண்டியைப் பிடிச்சுக்கற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.”

பாலத்தின் ஏற்றத்தில் நடுவே சிவப்பு விளக்கு. பச்சை விழுந்ததும் அந்த அம்மாள் காலைச் சட்டென்று எடுத்தார். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு லாரி. மாஸ்டர் தன் பிரேக்கை ஓங்கி மிதித்தார், மிதித்துவிட்டு ஆரம்பித்தார்.

“அறிவிருக்கா உங்களுக்கு? பின்னால நிக்கறது லாரியா, தலகாணியா?”

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மருந்துக்கடை அம்மாள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். பழைய குரல் திரும்பி வந்ததில் மாஸ்டரே திடுக்கிட்டார். இதயம் சட்டையை முட்டிக்கொண்டு அடித்தது. பழைய உள்ளங்கை மார்பில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை முழு பலத்தோடு. நெற்றி வேர்த்துக் கொட்டியது.

“டிஷ்யூ... அந்தத் தட்டுல...”

அந்த அம்மாள் தட்டுக்குள் கையை விட்டார். டிஷ்யூவோடு நாலைந்து அட்டைத் துண்டுகளும் வந்தன. திருப்பிப் பார்த்தார்.

“சார், இது உங்க மாத்திரையா?”

“ம்.”

“வயித்துக்குள்ள இருக்க வேண்டியது இங்க என்ன பண்ணுது?”

“நிறுத்திட்டேன்.”

“யார் சொல்லி?”

“நானேதான்.”

“நெஞ்சு வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. அழுத்துது. தோளு, கையெல்லாம் இழுக்குது.”

“சார், அதுக்குப் பேருதான் வலி.”

மாஸ்டர் அட்டைத் துண்டுகளுக்குக் கையை நீட்டினார். “கொடுங்க, விட்டது எல்லாத்தையும் சேத்துப் போட்டுடறேன்.”

“ஒண்ணையும் தொடாதீங்க!” அந்த அம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “சேத்துப் போட்டா இதயம் ஒரேயடியா மெதுவாப் போயிடும். ஒரு வேளை விட்டாலே அடுத்த வேளை ரெண்டாப் போடக் கூடாது. ஆஸ்பத்திரியில பாத்துச் சொல்லட்டும்.”

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது வருவதற்குள் பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டுவிடும் என்பது கண்ணாடியிலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரியோ பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கினால் எதிரிலேயே இருந்தது. இடையில் இருந்தது மேடு மட்டும்தான். ஓட்டத் தெரிந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டத் தெரியாதவர் கையில் ஸ்டியரிங்.

“கிளட்ச்சை... மெதுவா...” என்றார் மாஸ்டர். “இண்டிகேட்டர்...”

“சார், வாயை மூடுங்க.”

அந்த இருக்கையைப் பார்த்து அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. மாஸ்டர் மூடினார். மருந்துக்கடை அம்மாள் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வண்டி ஒரு விரல்கடை கூடப் பின்வாங்காமல் மேட்டில் ஏறியது. அப்படியொரு கிளம்பலை வாழ்நாளில் தான் பார்த்ததில்லை என்று மாஸ்டர் பின்னால் சொன்னார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவர் எதைப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மாரடைப்பு வரவில்லை. ஆனால் வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணித்து, மாத்திரையை அளவு பார்த்து மறுபடி ஆரம்பித்தார்கள். மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரே வந்து கட்டிலருகே நின்றார்.

“இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, இத்தனை நாள் அடங்கியிருந்த இதயம் முன்னைவிட வேகமா எகிறும். நிறுத்தவே வேணும்னாலும் நாங்கதான் வாரக்கணக்குல படிப்படியா குறைப்போம். உங்களுக்கு எப்படிப் புரியவைக்கறதுன்னே தெரியல.”

“நான் சொல்றேன் டாக்டர்” என்றார் மருந்துக்கடை அம்மாள், மூலையில் நின்றபடி. “மேட்டுல நிக்கிற வண்டி சார். பிரேக்லேர்ந்து காலைச் சட்டுனு எடுத்தா என்ன ஆகும்?”

மாஸ்டர் மேற்கூரையைப் பார்த்தார். “பின்னால உருளும்” என்றார், தேர்வில் தோற்ற மாணவனின் குரலில்.

தகவல் கேட்டு ஓடிவந்திருந்த மனைவி அப்போதுதான் பேசினாள். “பின்னால லாரி நிக்கலீங்க. நான் நின்னுட்டிருந்தேன்.”

சண்டை போட்டிருந்தால் மாஸ்டர் சமாளித்திருப்பார். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்து விட்டதுதான் தாங்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே ஒப்புக்கொண்டார்.

சில்லிடுகிற விரல்களைப் பற்றியும் சாயந்தரச் சோர்வைப் பற்றியும் ஒருவழியாக வாயைத் திறந்து சொன்னார். “இதை முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே ஏதாவது பண்ணியிருப்பேனே” என்று டாக்டர் அதே வகையில் வேறொரு மாத்திரைக்குப் பக்குவமாக மாற்றிக் கொடுத்தார். பெரிய ரகசியம் சின்ன மருந்துச் சீட்டோடு தீர்ந்தது.

இப்போது காலையில் மாத்திரைக்கு முன்னால் மனைவி அவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்க்கிறாள். டாக்டர் சொன்ன அளவுக்குக் கீழே போனால் மாத்திரை போடுவதற்கு முன் அவருக்குப் போன் செய்ய வேண்டும்.

“நீ என் கையைப் பிடிச்சு எத்தனை வருஷமாச்சு” என்றார் மாஸ்டர் ஒரு நாள்.

“பேசாதீங்க. எண்ணிக்கை விட்டுப்போகுது.”

விட்டுப்போனால் அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அடிக்கடி பேசுகிறார்.

மருந்துக்கடை அம்மாள் அடுத்த தேர்வில் தேறிவிட்டார். மாஸ்டர் தன் மாத்திரைகளை இப்போது ஊரின் மறுகோடிக்குப் போய்த்தான் வாங்குகிறார், தீர்ந்துபோகிற வரை காத்திருக்காமல். வழியில் எத்தனையோ மருந்துக்கடைகள் உண்டு. “ஜலதோஷம்னு கடையில எதையாவது வாங்கிப் போட்டுடாதீங்க, அதுல சிலது பிரஷரை ஏத்தும், என்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க” என்று அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் சொல்வார். அவர் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்.

போன முறை போனபோது கடை வாசலில் அந்த அம்மாளின் புதுக் கார் நின்றிருந்தது. ஒரு சக்கரம் நடைபாதை மேல். பின்பாதி சாலையில். முன்கண்ணாடி பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி. மாஸ்டர் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மருந்துக்கடை அம்மாள் எடுத்த மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார்.

“அழகா நிறுத்தியிருக்கீங்க மேடம்” என்றார்.

நெஞ்சு படபடக்காததும் கை நடுங்காததும் மாத்திரையின் உபயம். அதை அவரே எல்லோரிடமும் சொல்கிறார். ஆனால் எந்த மாத்திரையும் யாரையும் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல வைக்காது. அது முழுக்க முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு.