அரிப்பு புக்குக்கு அங்கீகாரம் கிடைச்ச கதை

எனக்கு அப்பவே தெரியும். நீங்க நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க... என் மச்சான் நடத்துன பத்திரிகைக்கு அங்கீகாரம் வந்தே தீரும்னு மொதல்ல சொன்ன ஆளு நான்தான்.

இப்பவும் கண்ண மூடுனா அந்த மை வாசன வருது. 2008 வாக்குல இருக்கும். கடலூர் பிரஸ்ல இருந்து புது கட்டுங்கள என் லோடு ஆட்டோல ஏத்திக்கிட்டு அண்ணாமலை நகர்ல மச்சான் குவார்ட்டர்ஸ்ல எறக்குவேன். நான் வர்ற வேகத்துக்கு பஸ்காரனே ஒதுங்கி வழி விடுவான்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட தம்பி. காலேஜ் வாத்தியார். மண்ணையும் தண்ணியையும் எப்படிக் காப்பாத்தறதுன்னு ஆராய்ச்சிக் கட்டுரைங்க வர்ற பத்திரிகை அது. முழுக்க இங்கிலீஷ். வீட்டு முன்ரூம்தான் ஆபீஸ்.

அங்கீகாரம் இல்லாத பத்திரிகைக்கு யாரு கட்டுரை அனுப்புவா? வர்றது கொறைஞ்சுக்கிட்டே போச்சு. "இந்தத் தடவையும் இல்லன்னா மூடிடறேன் மாமா"ன்னான். என் மூஞ்சியப் பாக்காம சொன்னான்...

அப்பதான் நான் ஐடியா குடுத்தேன். அட்டைல தமிழ்லயும் ஏதாச்சும் போடுடா, ஜனங்க படிக்கட்டும்னு. போட்டான். கொட்டை எழுத்துல, "மண் அரிப்பைத் தடுப்பது எப்படி?"

அந்த மழைக்காலத்துலதான் அங்கீகாரம் குடுக்கற கமிட்டியில இருந்து ஒரு பெரிய சார் வந்தாரு. கார்ல இருந்து எறங்குனதும் எனக்குத்தான் மொத வணக்கம் வச்சாரு. உள்ள உக்காந்து எல்லாத்தையும் பொரட்டிப் பாத்துட்டு, "இதையெல்லாம் விவசாயி யாராச்சும் படிக்கறாங்களா?"ன்னு கேட்டாரு.

நான் ஓரமா கட்டு அடுக்கிக்கிட்டு இருந்தேன்.

கரெக்டா அந்த நேரம் குமராட்சி பக்கம் இருந்து ஒரு பெரியவரு, முட்டி வரைக்கும் சேறோட வந்து நின்னாரு. நடவு சீசன். தண்ணியில நின்னு நின்னு அவருக்கு வெரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு. அட்டைல 'மண்'ண விட்டுட்டு 'அரிப்பு'ன்னு மட்டும் பாத்ததும் அதுக்கு வைத்தியம் போட்டிருக்குன்னு நெனச்சுட்டாரு மனுஷன்.

"அந்த அரிப்பு புக்கு ஒண்ணு குடுங்க."

சாருக்கு மூஞ்சி மலர்ந்துடுச்சு. "உங்க பக்கம் அரிப்பு ஜாஸ்தியா?"

"மழை வந்தாப் போதும் சார். தண்ணி நின்னா ஊரு முழுக்க இதே தொல்லதான்."

"தடுக்க என்ன பண்றீங்க?"

"மஞ்ச போட்டுப் பாத்தோம். கேக்கல."

இவரு காலுல போட்ட மஞ்சளச் சொல்றாரு. சாரு வயல்ல போட்ட மஞ்சள்னு எழுதிக்கிட்டாரு. மண்ணு கரையாம இருக்க மஞ்சள் பயிர் வைக்கறாங்களா, இதப் பத்தி ஒரு கட்டுரை போடுங்கன்னு மச்சானுக்கு சொல்லிட்டாரு வேற. மச்சான் காபி கொண்டாறேன்னு உள்ள ஓடுனான். ரொம்ப நேரம் டம்ளர் உருள்ற சத்தம்தான் வந்துச்சு...

சில மாசம் கழிச்சு அங்கீகாரம் வந்துடுச்சு. மச்சான் போன் பண்ணான். அழுவுறானா சிரிக்கறானான்னு தெரியல. நான் ஆட்டோவுக்கு மாலை போட்டு, கீரப்பாளையம் வரைக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டே போனேன்.

இப்ப அந்தப் பத்திரிகை நெட்லதான் வருது. கட்டும் இல்ல, லோடும் இல்ல. ஆட்டோவையும் வித்தாச்சு. எம் பொண்ணு போன்ல தேடிக் காட்டுனா. வெரலால தள்ளத் தள்ள பக்கம் போய்க்கிட்டே இருக்கு... வாசனதான் இல்ல.

மச்சான் இப்ப பெரிய ஆளு. ஆனாலும் போன் பண்ணா மொத கேள்வி, "மாமா, காலு எப்படி இருக்கு?"

அவன் ஏன் என் காலை விசாரிக்கறான்னு கேப்பீங்க...

சரி, சொல்லிடறேன். இவ்ளோ எழுதுனதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் நானா சேத்தது. குமராட்சியில இருந்து பெரியவரு யாரும் வரல. அன்னிக்கு நான்தான் எங்க வயல்ல இருந்து சேத்துக் காலோட நேரா வந்து நின்னேன். அத்தனை கட்டு எறக்கியும் அந்தப் பத்திரிகைல என்னால படிக்க முடிஞ்ச மொத வார்த்தை 'அரிப்பு'தான்.