கட்டையாகக் கட்டிய கயிறு

போன ஞாயிறு நுவரெலியா ஏரிக்கரையில், கட்டிக் கிடந்த வாடகைப் படகு ஒன்றின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகுக்காரத் தம்பி ஓடி வந்தார்.

“என்னாங்கய்யா செய்றீங்க?”

“கயிறு கட்டையா இருக்கேப்பா, நீளம் பத்தாதே... தண்ணி எறங்கினா?”

“இது ஏரிங்கய்யா. தண்ணி எங்க போகப்போகுது?”

சிரித்துவிட்டுப் போனார். அவருக்கென்ன தெரியும்? ஒரே இரவில் தண்ணீர் போனதைப் பார்த்தவன் நான்.

அறுபதுகளின் நடுவில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாத்தியாராக இருந்தேன். மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறித் தோட்டத்தை இரண்டாக்கியது. இக்கரையில் நான், அக்கரை லயத்து வரிசை வீட்டில் என் அக்கா, மச்சான், பிள்ளைகள். முன்பெல்லாம் ஒரு பள்ளம் இறங்கி ஏறினால் அக்கா வீடு. இப்போது ரோட்டு வழியே பதினொரு மைல் — இல்லையென்றால் தோட்டத்தின் ஒரே படகு.

சில வருடங்களில், இரு நாட்டு ஒப்பந்தப்படி அக்கா குடும்பத்துக்கு இந்தியாவுக்கே போய்விடப் பாஸ்போர்ட் வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்துப் படகோட்டி பெருமாள் அண்ணனுக்குக் காய்ச்சல். “நீங்களே ஓட்டிட்டுப் போங்க சார். திரும்பி வந்ததும் கவனமா கட்டிருங்க” என்று துடுப்பைக் கொடுத்தார். தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தேன்.

“காலையில வெள்ளன வந்துருடா. ரொட்டி சுடுறேன். எல்லாரும் சேந்து சாப்பிட்டுத்தான் லொறி ஏறணும்” என்றாள் அக்கா. அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள். அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் காலைக்கென்று வைத்துக்கொண்டு திரும்பினேன்.

கவனமாகத்தான் கட்டினேன் — மாடு கட்டுகிற மாதிரி! லயத்தில் மாட்டுக்குக் கயிறு நீளமாக விட்டால் பக்கத்து வீட்டு பீட்ரூட் பாத்தி காலி. அதனால் இழுத்துப் பிடித்துக் கட்டுவோம். படகையும் அப்படியே முளையோடு ஒட்டக் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை.

விடிந்து போய்ப் பார்த்தால்... மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது. முன்பக்கம் முளையில் தொங்க, பின்பக்கம் முழுகிக் கிடந்தது படகு. பாரம் இழுத்து முடிச்சு இறுகிவிட்டது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கத்தி தேடி ஓடி, கயிற்றை அறுத்து, வாளியால் இறைத்து... இறைத்துக்கொண்டே இருந்தேன். நீந்திப் போகலாமே என்பீர்கள். மலையில் பிறந்தவனுக்கு நீச்சல் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பாதிகூட இறைத்திருக்க மாட்டேன். அக்கரையில் லொறி ஹோர்ன் அடித்தது. கைக்குழந்தையோடு அக்கா கரைவரை இறங்கி வந்தாள். என் கோலத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“தம்பீ...! சாப்பிட்டியாடா?”

தண்ணீர்மேல் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

“சாப்பிட்டேன்க்கா!”

பச்சைப் பொய். தலையாட்டிவிட்டுப் போய் லொறியில் ஏறினாள். திருச்சிப் பக்கமிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அந்த ரொட்டிக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாம் எதை விட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிறோமோ, அதைத்தான் இழுத்துப் பிடித்துக் கட்டுகிறோம். தண்ணீர் நம்மைக் கேட்டா இறங்குகிறது?

அதற்குப் பிறகு பெருமாள் அண்ணனிடம் கேட்டு, எவ்வளவு கயிறு விட்டுக் கட்டுவது என்று சரியாகக் கற்றுக்கொண்டேன் — அக்கரைக்குப் போகத்தான் வேலையில்லை.