இடது கைக்கு ஒரு கத்தரிக்கோல்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அறையில் ஒரே மின்விசிறி. காகிதம் வெட்ட வேண்டுமென்றால் அதை நிறுத்தியாக வேண்டும்; இல்லாவிட்டால் துண்டுகள் பறந்து சோற்றுப் பானை வரைக்கும் போய்விடும். மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் வியர்வை காகிதத்தில் சொட்டும், சாயம் விரலோடு வந்துவிடும். அதனால் கோடையில் என் வேலை நேரம் அதிகாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. குழாயில் தண்ணீர் பிடித்து முடித்ததும் உட்காருவேன். தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்துவிடுவேன்.

நான் ஓவியத்தை முறையாகப் படித்தவள் அல்ல. கோலத்தில் ஆரம்பித்து, துணிப் பொம்மைக்குப் போய், கடைசியில் காகிதத்தில் வந்து நின்றேன். கறுப்புக் காகிதத்தில் உருவங்களை வெட்டி வெள்ளை அட்டையில் ஒட்டுவேன். காகிதம் பூந்தமல்லியில் ஒரு பாயின் கடையிலிருந்து வரும். முடித்த ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதியும் கிழமையும் எழுதிவைப்பது என் பழக்கம். 1988ஆம் வருடக் கோடையை இன்றைக்கும் நாள்வாரியாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

அந்த ஏப்ரலில் மகள் ஒன்றாம் வகுப்பை முடித்தாள். பள்ளியின் கடைசி நாளன்று அவளுடைய டீச்சர் என்னை நிறுத்திப் பேசினார். பிள்ளை இடது கையால் எழுதுகிறாள், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் முழங்கையை இடித்துக்கொண்டே இருக்கிறாள், தினமும் பஞ்சாயத்து, அடுத்த வருடமும் நான்தான் டீச்சர், ஜூனில் வரும்போது வலது கைக்கு மாற்றிக் கூட்டிவாருங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், பக்கத்து வீடுகளில் அவள் இடது கையால் எதையாவது நீட்டும்போதெல்லாம் எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையே தொடங்கினோம். நான் வெட்டுவேன், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையால் ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பக்கங்களுக்கும் தேதி போட்டேன். அவள் அழவில்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். முதல் நாள் பக்கத்தையும் மூன்றாவது வாரத்துப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ‘அ’வின் சுழி இரண்டிலும் ஒரே மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

எழுதி முடித்ததும் என்னுடைய பழைய கத்தரிக்கோலைக் கேட்பாள். அவள் இடது கையில் பிடித்தால் அது வெட்டாது. காகிதம் மடிந்து இரண்டு அலகுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலுக்கு இன்னும் பலம் வரவில்லை என்று நினைத்தேன். அவள் கத்தரியை வைத்துவிட்டு நகத்தால் கிழிக்க ஆரம்பித்தாள். ஒரு காக்கையைக் கிழித்தாள், அலகு கூடச் சரியாக வந்திருந்தது. பின்னால் தேதியை எழுதி எடுத்துவைத்தேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

யோசித்தவர் என் கணவர். திருநெல்வேலிக்காரர், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், “பிள்ளைக்குப் பெலன் இல்லாம இல்ல. கத்திரி வாயப் பொளக்கு, பாரு” என்றார். என்னையே இடது கையில் பிடித்து வெட்டச் சொன்னார். பிடித்தேன். காகிதம் மடிந்தது. வலது கை அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இடது கை அழுத்தினால் விலகுகின்றன. இருபது வருடமாகக் கத்தரிக்கோலோடு வாழ்கிறவள் நான். அது ஒரு கைக்காக மட்டுமே செய்யப்பட்ட பொருள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து நிமிட வேலை என்று சொல்லி அவர் திருகாணியைக் கழற்றினார். மேலே இருந்த அலகைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் வைத்து முடுக்கினார். கத்தரி இப்போது எந்தக் கையிலும் வெட்டவில்லை, காகிதத்தை மென்றது. எண்ணெய் விட்டார், முடுக்கினார், தளர்த்தினார், கடைசியில் காகிதம் சரியில்லை என்றார்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி எட்டாம் நாள், புதன்கிழமை. சைக்கிளில் சாணைக்கல் வைத்துக்கொண்டு கத்தி தீட்டுகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அந்த வாரம் கணவருக்கு இரவு ஷிஃப்ட், பகலில் வீட்டில் இருந்தார். நான் கத்தரியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்தவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாக்கா இது, கூர் ரெண்டும் உள்ளாற பாத்துகினு கீது? மூஞ்சோட மூஞ்சி முட்டிகினா எப்டி வெட்டும்? எந்தப் புண்ணியவான் மாட்னது?”

வாசலில் நின்றிருந்த கணவர், நான்தான் என்றார்.

“இன்னா வேலை நைனா உனுக்கு?”

சொன்னார்.

“டாங்கியும் இப்டித்தான் மாட்டுவியா? பீரங்கி டிரைவரப் பாத்துகினு இருக்கப் போவுது.”

கணவர் சிரித்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து கத்தரியைப் பிரித்தார்கள். யாருக்கு என்று கேட்டார் வந்தவர். நான் குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்கு, இடது கை என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அவளைக் கூப்பிட்டு, “நொட்டாங்கையா? காட்டு” என்று உள்ளங்கையின் அகலத்தைப் பார்த்துக்கொண்டார். உள்பக்கத்துச் சரிவு மறையும்வரை அலகுகளைத் தட்டையாகத் தேய்த்தார். அப்புறம் வெளிப்பக்கத்தில் புதிய கூர் பிடித்தார். அந்த வெயிலிலும் பொறிகள் தனியாகத் தெரிந்தன. மகள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். நகரச் சொல்லியும் நகரவில்லை.

மறுநாள் காலை விசிறியை நிறுத்தினேன். அவள் கறுப்புக் காகிதத்தை எடுத்தாள். நான் பென்சிலால் கோடு போடாமல் எதையும் வெட்டியதில்லை. அவள் பென்சிலைத் தேடவே இல்லை. இடது கையில் கத்தரி ஏறக்குறைய அசையாமல் நின்றது. வலது கைதான் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது, பிடிக்கிறோம் என்பதே தெரியாத அளவு மெதுவாக. மூன்று வாரமாக எழுதச் சொல்லி நான் வருத்திய கை அது. அதற்கென்று ஒரு வேலை ஏற்கெனவே இருந்திருக்கிறது.

முதலில் சைக்கிள் வந்தது. அப்புறம் குனிந்த முதுகு, கல்லின் வட்டம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் கல்லின் ஒரு பக்கத்தில் கறுப்பை வெட்டாமல் விட்டிருந்தாள்; கல்லின் ஓரத்திலிருந்து அதற்குள் ஊசி நுழையும் அளவுக்குக் கீறல்களாக வெட்டிக்கொண்டே போனாள், விசிறி மாதிரி விரித்து. அட்டைமேல் வைத்ததும்தான் எனக்குப் புரிந்தது. கீறல்களின் வழியாக அடியிலிருந்த வெள்ளை தெரிந்தது. பொறி பறந்தது. பொறியை எப்படி வெட்டுவது என்று என்னைக் கேட்டிருந்தால், முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் காகிதத்திலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுத்திருந்தாள். என் கையில் மயிர் கூச்செறிந்தது. ஆறு வயது. இது எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து வரவில்லை, எனக்கே இது இல்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர், ஏன் இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டபடி விசிறியின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அட்டையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வலது கைப் பக்கம் எழுதவில்லை. அதற்கப்புறமும் எழுதவில்லை. ஆனால் ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சரிடம் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று துணி துவைக்கும்போதும் கீரை ஆயும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பள்ளி திறந்த அன்று வகுப்பு வாசலில், “மாத்தலை டீச்சர். மாத்தவும் மாட்டேன்” என்றேன். ஒத்திகை பார்த்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

டீச்சர் என்னைப் பார்த்தார். “அப்ப முழங்கை?”

கையைப் பற்றி எத்தனையோ யோசித்திருந்தேன். முழங்கையைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. டீச்சர் மகளிடம் எந்தக் கையால் சாப்பிடுவாய் என்று கேட்டார். வலது கையைக் காட்டினாள். எழுதுவது? அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டியதும் இடது கையை உயர்த்தினாள்.

டீச்சர் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டாவது வரிசைக்குப் போய், இடது ஓரத்தில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண்ணை உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார்.

“டீச்சர், ஜன்னல் என்னுது.”

“ஜன்னல் எங்கயும் போவாது. நீ தள்ளு.”

அந்தப் பெண் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அரை அடி நகர்ந்தாள். அவ்வளவுதான், வேறெதுவும் தேவைப்படவில்லை. மகள் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மணி அடிக்கும்வரை நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இடது முழங்கை யார்மீதும் படாமல் அசைந்துகொண்டிருந்தது.