நான் உட்கார்ந்த நாற்காலி

தீபாவளிக்கு முன் டவுனிலிருந்து சேவை மன்றத்தார் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசி கொடுப்பார்கள். அன்றைக்குச் சமைக்க லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் நாங்கள் போவோம்.

இந்த வருடம் முட்டைக்கோஸ் நறுக்கி முடித்ததும் முழங்கால் வலித்தது. மண்டபத்தில் காலியாயிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது அரிசி வாங்குகிறவர்களுக்குப் போட்டது என்று தெரியாது.

மன்றத்து அம்மா ஒருவர் என் மடியில் அரிசி மூட்டையை வைத்தார். "பாட்டி, இங்க பாருங்க, சிரிங்க!"

சமைக்க வந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்தேன். படம் எடுத்துவிட்டார்கள்.

மூட்டையோடு அடுப்படிக்குப் போனதும் கூட்டாளி கேட்டாள், "என்னடி, ஆக்க வந்தியா, வாங்க வந்தியா?" எல்லாரும் சிரித்தார்கள்.

வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு மூட்டை குறைந்துபோய், புருஷனை இழந்த ஒரு பெண் வெறுங்கையோடு நின்றாள். என் கையிலிருந்தது அவளுடையது. ஓடிப்போய்க் கொடுத்தேன். அந்த அம்மா மறுபடியும் போனைத் தூக்கினார்.

"படம் வேணாம்மா" என்றேன்.

அந்தப் பெண் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள். நானும் நிமிரவில்லை.